தணலில் மீன், தட்டில் பழம்: வாசகர் கேள்வி பதில்

வெயில் ஏறிவிட்டால் கொதிக்கும் குழம்பும் எண்ணெய்ச் சட்டியும் பார்க்கவே அலுப்பாக இருக்கும். மீனையும் இறாலையும் கிரில்லில் சுட்டு, மேலே பழ சல்சாவைப் போட்டுச் சாப்பிடுவது வயிற்றுக்கு லேசு, வேலையும் குறைவு. சல்சா என்றால் ஸ்பானிய மொழியில் சாஸ். இங்கே நாம் சொல்வது பழம், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை சேர்த்துப் பச்சையாகக் கலக்கும் வகை. இது பற்றி வந்த கேள்விகளில் அடிக்கடி கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில்.

கம்பி வலையில் எண்ணெய் தடவிவிட்டுத்தான் மீனை வைக்கிறேன். ஆனாலும் திருப்பும்போது தோலும் பாதிச் சதையும் வலையோடு போய்விடுகிறது. என்ன தவறு செய்கிறேன்?

பத்தில் எட்டு முறை ஈரம்தான் காரணம். மீனின் மேல் தண்ணீர் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. தணலின் வேகமெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும். தோல் முறுகாமல், ஆவியில் வேகிறது. கூடவே இன்னொன்றும் நடக்கிறது: பச்சைச் சதையின் புரதம் அரைகுறையாகச் சூடான உலோகத்தைத் தொட்டால் பசைபோலப் பிடித்துக்கொள்ளும். அதே சதை, நன்றாகக் காய்ந்த கம்பியைத் தொட்டால் சட்டென்று இறுகி, கொஞ்ச நேரத்தில் தானாகவே விட்டுவிடும்.

கழுவிய மீனை டிஷ்யூ காகிதத்தால் இரண்டு பக்கமும் ஒற்றி எடுங்கள். தோல் மேலே இருக்கும்படி ஒரு தட்டில் வைத்து, மூடாமல், அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் விடுங்கள். குளிர்காற்று தோலை உலர்த்திவிடும். தொட்டால் ஈரம் ஒட்டாமல் காகிதம் போல் இருக்க வேண்டும். உப்பை முன்கூட்டியே போட்டு வைத்தால் அது நீரை வெளியே இழுக்கும். அதனால் வலையில் வைப்பதற்குச் சற்று முன் போடுங்கள். முன்பே போட்டுவிட்டீர்களா? ஊறி வந்த நீரை மறுபடி ஒற்றிவிட்டு வையுங்கள்.

அடுத்தது வலை. தணல் மேல் பத்து நிமிடமாவது காய வேண்டும். காய்ந்த பிறகு சுரண்டினால்தான் பழைய கசடு உதிரும். கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பவர்கள் பிறகு ஒரு ஈரத்துணியை இடுக்கியில் பிடித்து ஒரு முறை துடைத்துவிடுங்கள். உதிர்ந்த கம்பி முள் உணவில் சேர்ந்து தொண்டையில் குத்தியதுண்டு. பிறகு மடித்த துணியை எண்ணெயில் நனைத்து, இடுக்கியால் பிடித்து, வலை மேல் மூன்று நான்கு முறை இழுங்கள். ஒவ்வொரு முறையும் எண்ணெய் காய்ந்து மெல்லிய படலமாகப் படியும். ஒரே தடவையாக ஊற்றினால் படலம் படியாது, தீதான் எழும். மீனுக்கும் மெல்லியதாக எண்ணெய் தடவுங்கள். இரண்டும் வேண்டும்.

கடைசியாக, பொறுமை. தோல் பக்கம் கீழே இருக்க, கம்பிகளுக்குச் சாய்வாக வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். மூன்று நிமிடம் கழித்து அகலமான மெல்லிய தோசைக் கரண்டியால் ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பாருங்கள். இழுத்துப் பிடித்தால் அது தயாராகவில்லை. இன்னும் அரை நிமிடம், ஒரு நிமிடம் விடுங்கள். இடுக்கி இறாலுக்குச் சரி, மீனைத் திருப்ப உதவாது. பிடித்த இடத்தில் உடையும்.

தணல் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கரி பற்றி, கறுப்பு மறைந்து சாம்பல் பூத்திருக்க வேண்டும். அதற்கு இருபது முதல் இருபத்தைந்து நிமிடம் ஆகும். சுவாலை எரியும்போது மீனை வைத்தால் கரிப் புகைதான் சுவையாக ஏறும். வலைக்கு மேல் 12 செ.மீ. உயரத்தில் உள்ளங்கையைக் காட்டுங்கள். இரண்டு விநாடிக்குள் கையை எடுக்கத் தோன்றினால் கடுஞ்சூடு. இறால், கணவாய், மெல்லிய துண்டுகளுக்கு அது ஏற்றது. நான்கைந்து விநாடி தாங்கினால் நடுத்தரம். கனமான துண்டுக்கும் முழு மீனுக்கும் அது. கரியை ஒரு பக்கமாகக் குவித்து மறுபக்கத்தைக் காலியாக விட்டால் இரண்டு சூடும் ஒரே அடுப்பில் கிடைக்கும். எண்ணெய் சொட்டித் தீ எழும்பினால் மீனை நகர்த்தவும் இடம் இருக்கும்.

எத்தனை நிமிடம் சுட வேண்டும்? ஒரு நாள் உள்ளே பச்சை, மறுநாள் பஞ்சு போல வறட்சி.

எடையைப் பார்க்காதீர்கள், கனத்தைப் பாருங்கள். மிகக் கனமான இடத்தில் 2.5 செ.மீ. இருந்தால் மொத்தம் எட்டு முதல் பத்து நிமிடம். 1.5 செ.மீ. துண்டுக்கு ஐந்தாறு நிமிடம் போதும். தோல் உள்ள துண்டானால் மூன்றில் இரண்டு பங்கு நேரம் தோல் பக்கமே இருக்கட்டும். தோல் கவசமாக நின்று சதையைக் காக்கும். திருப்புவது ஒரே ஒரு முறை.

மீன் தசையை ஆட்டிறைச்சியோடு ஒப்பிட்டால் இணைப்புத் திசு மிகக் குறைவு, அதுவும் குறைந்த சூட்டிலேயே கரைந்துவிடும். அதனால்தான் வெந்த மீன் இதழ் இதழாகப் பிரிகிறது. ஆனால் அதற்கும் வறண்டுபோவதற்கும் இடைவெளி மிகச் சிறியது, இரண்டு நிமிடம் கூட இல்லை. தெர்மாமீட்டர் இருந்தால் சந்தேகமே வேண்டாம்: பாதுகாப்பான அளவு 63 டிகிரி. 60 காட்டும்போது எடுத்து மூன்று நிமிடம் தட்டில் விட்டால் மீதியைத் தன் சூட்டிலேயே எட்டிவிடும். எட்டியதா என்று இன்னொரு முறை குத்திப் பாருங்கள்.

தெர்மாமீட்டர் இல்லையென்றால் மெல்லிய கத்தியின் நுனியைக் கனமான இடத்தில் செருகி ஐந்து விநாடி வைத்து, எடுத்து உதட்டின் கீழ் தொட்டுப் பாருங்கள். குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் வேகவில்லை. நல்ல சூடாகத் தெரிந்தால் எடுத்துவிடலாம். சதையும் கண்ணாடித் தன்மை போய்ப் பால் நிறமாகியிருக்கும்.

சால்மன் போன்ற மீன்களில் வெள்ளையாகத் தயிர்த்துளி போல ஏதோ கசிகிறதே என்று வேறொருவர் கேட்டிருக்கிறார். அது கெட்டது அல்ல. சதையிலிருந்து பிழிந்து வந்து உறைந்த புரதம். கொஞ்சம் வந்தால் இயல்பு. நிறைய வந்தால் சூடு அதிகம் அல்லது நேரம் அதிகம். ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் உப்பு கரைத்து, மீனைப் பத்து நிமிடம் போட்டு எடுத்து, நன்றாக ஒற்றிவிட்டுச் சுட்டால் அந்தக் கசிவு வெகுவாகக் குறையும். அதன் பிறகு தனியாக உப்பு வேண்டாம்.

எந்த மீன் கிரில்லுக்கு ஏற்றது?

கெட்டிச் சதை உள்ளவை: வஞ்சிரம், சூரை, கொடுவா, சால்மன். துண்டு 2 செ.மீ.க்குக் குறையாமல் வெட்டித் தரச் சொல்லுங்கள். மெலிந்தால் நிறம் வருவதற்குள் உள்ளே வறண்டுவிடும். வௌவால், சங்கரா போன்றவற்றை முழு மீனாகச் சுடுவது நல்லது. இரண்டு பக்கமும் 2 செ.மீ. இடைவெளியில் எலும்பு தட்டும்வரை கீறுங்கள். முதுகுப் பக்கக் கனமும் வால் பக்க மெலிவும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வேகும். நாக்கு மீன் மாதிரி மென்மையானவற்றை வலைக் கூண்டில் பூட்டிச் சுடலாம். கூண்டு இல்லையென்றால் அந்த மீனை வேறு சமையலுக்கு விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

இறால் ரப்பர் மாதிரி ஆகிவிடுகிறது.

சின்ன இறாலாக இருக்கும். கிலோவுக்கு 35 முதல் 45 நிற்கும் பெரிய இறாலை வாங்குங்கள். சின்னதில் வெளிப்புறம் சிவக்கும் நேரத்துக்குள் உள்ளே வேக்காடு கடந்துவிடும்.

ஓட்டோடு சுடுவது நல்லது. கத்தரிக்கோலால் முதுகு நெடுக ஓட்டை வெட்டி, கறுப்பு நரம்பை உருவி எடுத்துவிட்டு, ஓட்டை அப்படியே விடுங்கள். ஓடு கருகும், உள்ளே சதை ஈரமாக இருக்கும். உரித்த இறால்தான் வேண்டும் என்றால் அரைக் கிலோவுக்கு அரை டீஸ்பூன் உப்பும் கால் டீஸ்பூன் சமையல் சோடாவும் பிசறி, கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். சோடா சதையின் காரத்தன்மையை (மிளகாய்க் காரம் அல்ல, புளிப்புக்கு எதிரான தன்மை) சற்று உயர்த்தும். புரதம் நீரைப் பிடித்துக்கொள்ளும். கடித்தால் மொறுக்கென்று இருக்கும். அளவு கூடினால் சோப்பு வாடை வரும், கவனம்.

குச்சியில் கோக்கும்போது ஒரு குச்சி போதாது. திருப்பினால் இறால் குச்சியிலேயே சுழன்று, வெந்த பக்கமே மறுபடி கீழே வரும். விரல் அளவு இடைவெளியில் இரண்டு குச்சிகளை இணையாகச் செருகுங்கள். இறால்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கட்டும், நெருக்கம் வறட்சியைத் தடுக்கும். மரக்குச்சியானால் அரை மணி நேரம் தண்ணீரில் ஊற வேண்டும்.

கடுஞ்சூட்டில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம். பிறைபோல வளைந்து, சதை முழுக்க வெண்மையானால் எடுத்துவிடுங்கள். தலைப்பக்கமும் வாலும் முட்டி வளையமாகிவிட்டால் காலம் கடந்துவிட்டது.

மென்மையாகட்டும் என்று அன்னாசிச் சாறில் இறாலை இரண்டு மணி நேரம் ஊறவைத்தேன். கூழாகிவிட்டது. இறால் கெட்டுப்போனதா?

இறாலைக் குறை சொல்லாதீர்கள். பச்சை அன்னாசியில் ப்ரோமலைன் என்ற நொதி இருக்கிறது. வேலையே புரதத்தை அறுப்பதுதான். அன்னாசி சாப்பிட்டால் நாக்கு ரணமாவது போல் இருக்கிறதே, அதிலும் இதற்குப் பங்குண்டு. பப்பாளியில் உள்ள பப்பைனும் கிவிப் பழத்தில் உள்ள ஆக்டினிடினும் இதே வகை. பப்பாளியில் காயில்தான் அதிகம், பழுக்கப் பழுக்கக் குறையும். முரட்டு இறைச்சிக்கு உதவும் இந்த நொதிகளை, ஏற்கெனவே மென்மையான மீன்மேல் விட்டால் மேற்பரப்பு மாவாகிவிடும். இந்த மூன்றையும் ஊறவைக்கும் கலவையில் சேர்க்கவே வேண்டாம்.

சல்சாவில் சேர்க்கலாமா? தாராளமாக. சுட்ட மீன்மேல் தட்டில் போட்டு உடனே சாப்பிடும்போது நொதிக்கு அவகாசம் கிடையாது. மிச்சம் வைக்கும்போது மட்டும் மீனையும் அன்னாசி சல்சாவையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். சூடு பட்டால் இந்த நொதி செயலிழக்கும், அதனால் டப்பா அன்னாசியால் இந்தத் தொல்லை இல்லை. ஃப்ரீசரில் வைத்து எடுத்த பழத்துக்கு இது பொருந்தாது. குளிர் நொதியைத் தூங்கத்தான் வைக்கும், கொல்லாது.

எலுமிச்சை, ஆரஞ்சுச் சாறுகளில் நொதிப் பிரச்சினை கிடையாது, ஆனால் புளிப்பு உண்டு. புளிப்பும் புரதத்தை இறுக்கும். இறாலுக்கு கால் மணி நேரம், கனமான மீன் துண்டுக்கு அரை மணி நேரம். அதற்கு மேல் ஊறினால் ஓரங்கள் சுண்ணாம்பு போல வெளுத்து, வெந்ததும் பொடியும். தேனோ சர்க்கரையோ சேர்ந்த கலவையை முதலிலேயே பூசினால் மீன் வேகுமுன் அது கருகும். கடைசி இரண்டு நிமிடத்தில் பூசுங்கள்.

மாம்பழ சல்சா செய்தால் பரிமாறும் நேரத்தில் தட்டெல்லாம் தண்ணீர். பழம் சரியில்லையா, செய்முறை சரியில்லையா?

இரண்டிலும் கொஞ்சம். முதலில் அடிப்படை அளவைச் சொல்லிவிடுகிறோம், நான்கு பேருக்கு:

பழத் துண்டுகள் 2 கப். விதை நீக்கிய வெள்ளரி அல்லது சிவப்புக் குடைமிளகாய் அரை கப். பொடியாக நறுக்கிய சிவப்பு வெங்காயம் கால் கப். பச்சை மிளகாய் 1. நறுக்கிய கொத்தமல்லி 2 டேபிள்ஸ்பூன். எலுமிச்சைச் சாறு ஒன்றரை டேபிள்ஸ்பூன். உப்பு கால் டீஸ்பூன். எண்ணெய் 1 டீஸ்பூன், இது விருப்பம்.

பழம் பழுத்திருக்க வேண்டும், குழையக் கூடாது. மாம்பழத்தைக் காம்புப் பக்கம் அழுத்தினால் லேசாக விட்டுக்கொடுக்க வேண்டும். விரல் பள்ளம் அப்படியே நின்றால் அது ஜூஸுக்குத்தான். துண்டு 8 மி.மீ. சதுரம். கொண்டைக்கடலை அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சிறிதானால் கூழாகும், பெரிதானால் ஒரு வாய்க்குள் மீனும் பழமும் மிளகாயும் சேர்ந்து வராது. கத்தி கூர்மையாக இருக்கட்டும். மொக்கைக் கத்தி வெட்டுவதைவிட நசுக்கும். நசுங்கிய இடத்திலிருந்துதான் முதல் சாறு வடிகிறது.

மீதித் தண்ணீர் உப்பால் வருவது. உப்பு பட்டதும் பழத்தின் உள்ளிருக்கும் நீர் வெளியேறத் தொடங்கும். காலையிலேயே எல்லாவற்றையும் கலந்து வைத்தால் மாலையில் மாம்பழ ரசம்தான் கிடைக்கும். பழம், வெள்ளரி, வெங்காயம், எல்லாவற்றையும் தனித்தனியாக வெட்டி ஃப்ரிட்ஜில் வையுங்கள். உப்பும் எலுமிச்சையும் மீன் தணலுக்குப் போகும் நேரத்தில் சேரட்டும். பத்து நிமிட ஊறல் போதும். கொஞ்சம் சாறு ஊறி எல்லாவற்றையும் ஒன்றாக்கும், அது வேண்டியதுதான்.

தர்பூசணியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். அதை வெட்டி, சல்லடையில் கால் மணி நேரம் வடியவிட்டுச் சேர்க்க வேண்டும். வெள்ளரியை நெடுக்காகப் பிளந்து விதைப் பகுதியைக் கரண்டியால் வழித்துவிடுங்கள்.

வெங்காயத்தைக் குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் போட்டுப் பிழிந்து சேர்த்தால் காட்டமும் மறுநாள் வரை வாயில் நிற்கும் வாடையும் குறையும். மிளகாயின் காரம் பெரும்பாலும் உள்ளே விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தண்டில் இருக்கிறது; அதை எடுத்தால் பாதி அடங்கும். கொத்தமல்லி சிலருக்குச் சோப்பு போலத் தோன்றும். அதற்குப் பரம்பரைக் காரணமும் உண்டு, பிகு என்று நினைக்க வேண்டாம். புதினா போடுங்கள்.

ருசி பார்க்கும்போது: சப்பென்று இருந்தால் முதலில் உப்பைக் கூட்டிப் பாருங்கள், எலுமிச்சையை அல்ல. இனிப்பு தூக்கலாக இருந்தால் மட்டும் எலுமிச்சையை அரை அரை டீஸ்பூனாக. ஃப்ரிட்ஜிலிருந்து நேராக எடுத்த சல்சாவில் ருசி அடங்கியிருக்கும், மீனையும் ஆற வைத்துவிடும். பத்து நிமிடம் முன்பே வெளியே எடுங்கள். அலுமினியப் பாத்திரத்தில் கலக்காதீர்கள். புளிப்பு அதோடு வினை புரிந்து உலோக ருசி தரும்.

எந்த மீனுக்கு எந்தப் பழம் என்று கணக்கு உண்டா?

கண்டிப்பான கணக்கு இல்லை, ஆனால் ஒரு போக்கு உண்டு. கொழுப்புள்ள மீனுக்குப் புளிப்பு வேண்டும்: கானாங்கெளுத்தி, மத்தி, சால்மனுக்கு அன்னாசியும் ஆரஞ்சும். கடல் மீனின் கவிச்சி வாடைக்குக் காரணமான டிரைமீத்தைலமைன் புளிப்போடு சேர்ந்தால் ஆவியாகாத உப்பாக மாறிவிடும். மூக்குக்கு எட்டாத வாடை வாடையே இல்லை. மீனோடு எலுமிச்சைத் துண்டு வைப்பதன் ரகசியமும் அதுதான்.

கொடுவா போன்ற வெள்ளைச் சதைக்குப் பழுத்த மாம்பழமோ பீச் பழமோ பொருந்தும். இறாலுக்கே ஓர் இனிப்பு உண்டு; அதன்மேல் சர்க்கரைக் கட்டி போன்ற மாம்பழம் போட்டால் திகட்டும். செங்காய் மாங்காயோ, புதினாவும் கூடுதல் மிளகாயும் சேர்த்த தர்பூசணியோ நன்றாக இருக்கும். கணவாய்க்கு ஆரஞ்சுச் சுளையும் மாதுளை முத்தும். அவகாடோவை எந்தச் சல்சாவிலும் சேர்க்கலாம், ஆனால் கடைசியில் வெட்டிப் போடுங்கள். எலுமிச்சை கறுப்பதைத் தள்ளிப்போடும், நிறுத்தாது. வாழைப்பழம் வேண்டாம் என்பது எங்கள் தீர்ப்பு.

பழத்தையும் சுட்டுச் சேர்க்கலாமா?

அன்னாசிக்கு இது மிக நன்றாக வரும். ஒன்றரை செ.மீ. வட்டங்களாக, பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம், கோடு விழும்வரை. ஆறிய பிறகு வெட்டிக் கலக்குங்கள். இனிப்பு கூடும், புளிப்பின் முனை மழுங்கும். பழத்தை மீனுக்கு முன்னால் சுடுங்கள். பின்னால் சுட்டால் பழத்தில் மீன் வாடை.

கணவாய்?

ஒன்று இரண்டு நிமிடம், அல்லது அரை மணி நேரத்துக்கு மேல். இடையில் எங்கே நிறுத்தினாலும் ரப்பர்தான். கிரில்லுக்கு முதல் வழி. குழலைப் பிளந்து விரித்து, உட்புறம் குறுக்கும் நெடுக்குமாக மேலோட்டமாகக் கீறி, துளி ஈரம் இல்லாமல் ஒற்றி, எண்ணெய் தடவி, மிகக் கடுஞ்சூட்டில் பக்கத்துக்கு ஒரு நிமிடம். சுருண்டுகொள்ளாமல் இருக்க மேலே கனமான ஒரு வாணலியை வைத்து அழுத்தலாம்.

அடுக்குமாடி வீடு. கரி கிரில்லைச் சமையலறையில், ஜன்னலைத் திறந்து வைத்துப் பயன்படுத்தலாமா?

கூடவே கூடாது. எரியும் கரி கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவை வெளியிடும். நிறம் இல்லை, மணம் இல்லை. திறந்த ஜன்னல் அதற்குப் போதாது. மூடிய பால்கனியும் அப்படியே. அணைந்ததுபோல் தெரியும் கரியையும் உள்ளே கொண்டுவராதீர்கள்.

வார்ப்பிரும்புக் கிரில் தவா அல்லது சாதாரண இரும்புத் தோசைக்கல் போதும். நடுத்தரத் தீயில் ஐந்தாறு நிமிடம் காயவிட்டு, தீயைக் கொஞ்சம் கூட்டுங்கள். எண்ணெயைக் கல்லில் ஊற்றாமல் மீனுக்கு மட்டும் தடவினால் புகை பாதியாகும். தோல் பக்கம் வைத்த முதல் அரை நிமிடம் தோசைத் திருப்பியால் மெல்ல அழுத்திப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் தோல் சுருங்கி நடுப்பகுதி கல்லைத் தொடாது. ஓவனில் மேல் கம்பி மட்டும் எரியும் கிரில் வசதி இருந்தால் மீனை அதிலிருந்து 10 செ.மீ. தள்ளி வையுங்கள், தோல் மேலே பார்க்க. புகை மணம் வேண்டுமென்றால் உப்போடு ஒரு சிட்டிகை புகையூட்டிய மிளகாய்த்தூள்.

எலுமிச்சைச் சாறில் ஊறினால் மீன் வெந்துவிடும் என்கிறார்களே, அப்படியே சல்சாவில் கலந்து சாப்பிடலாமா?

வெந்ததுபோல் தெரியும், வேகாது. புளிப்பு சதையை வெளுக்கச் செய்து இறுக்கும்; ஒட்டுண்ணிகளையும் கிருமிகளையும் நம்பும்படி கொல்லாது. பச்சையாகச் சாப்பிடும் மீனை ஒட்டுண்ணிக்காக மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறைய வைப்பது நடைமுறை. வீட்டு ஃப்ரீசர்கள் பல அந்த அளவுக்குப் போவதில்லை, உறைந்தாலும் கிருமி சாகாது. சுட்டே சாப்பிடுங்கள்.

சூரை மீன் சுட்டுச் சாப்பிட்டதும் நாக்கில் மிளகு பட்டது போல் எரிச்சல், முகம் சிவந்தது. நன்றாக வெந்திருந்ததே?

வேகவைப்பதால் தீராத ஒன்று அது. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்றவை பிடித்த பிறகு சூட்டில் கிடந்தால் அவற்றின் சதையில் பாக்டீரியாக்கள் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போன்ற தொல்லை தரும் வேதிப்பொருளை உண்டாக்கும். உருவாகிவிட்டால் தணலுக்கும் அசையாது, ஃப்ரீசருக்கும் அசையாது. மீன் நாறவும் வேண்டியதில்லை. வாய் எரிச்சல், முகம் சிவத்தல், தலைவலி, தடிப்பு எல்லாம் சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வரும். அந்த எரிச்சல் தெரிந்த உடனே தட்டைத் தள்ளிவிடுங்கள். மூச்சுத்திணறல் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனை. உங்களுக்கு வந்தது இதுவா, மீன் ஒவ்வாமையா என்பதை மருத்துவர்தான் பிரித்துச் சொல்ல முடியும், ஒரு முறை காட்டிவிடுங்கள். இனி வாங்கும்போது பனிக்கட்டிக்குள் புதைந்திருக்கும் மீனையே எடுத்து, பனிக்கட்டியோடே வீட்டுக்குக் கொண்டுவந்து, 4 டிகிரிக்குக் கீழே வையுங்கள்.

விருந்தாளி ஒருவருக்கு இறால் ஒவ்வாமை. மீனை மட்டும் அதே கிரில்லில் சுட்டுத் தரலாமா?

அதே வலையில் வேண்டாம். இறாலில் ஒவ்வாமை தரும் புரதம் சூட்டுக்கு அழியாது, வலையில் ஒட்டியது மீனுக்கு வரும். தனி தவா, தனி இடுக்கி, தனித் தட்டு. மாம்பழத் தோலும் பாலும் பட்டால் சிலருக்கு உதட்டைச் சுற்றி அரிப்பு வரும். தோலைத் தடிப்பாகச் சீவி, கத்தியைக் கழுவிவிட்டுச் சதையை வெட்டுங்கள். சல்சாவில் ஆரஞ்சுக்குப் பதில் கிரேப்ஃப்ரூட் போட நினைத்தால் ஒரு வார்த்தை: கொழுப்பு குறைக்கும் சில மாத்திரைகள், உதாரணமாக சிம்வாஸ்டாடின், அதோடு சேரக் கூடாது. மாத்திரை எடுப்பவர் மேசையில் இருந்தால் ஆரஞ்சே இருக்கட்டும்.

ஆறு பேருக்கு மதிய உணவு. எதை எப்போது செய்வது?

ஒருவருக்கு முள் நீக்கிய மீன் 150 கிராம், மொத்தம் 900 கிராம். மேலே சொன்ன சல்சா அளவை ஒன்றரை மடங்காக்குங்கள். இலைக் கீரை சாலட்டோ கொஞ்சம் சோறோ கூட இருந்தால் போதும்.

முந்தின இரவு உறைந்த மீனை ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள், அடியில் ஒரு தட்டோடு. மேசை மேல் வைத்து இளக்க வேண்டாம். ஒரு மணிக்குச் சாப்பாடு என்றால் பதினொன்றரைக்குப் பழமும் காய்களும் வெட்டி, உப்பில்லாமல் ஃப்ரிட்ஜில். பன்னிரண்டுக்கு மீனை ஒற்றித் திறந்தபடி உள்ளே வைத்துவிட்டு, கரியைப் பற்றவையுங்கள். பன்னிரண்டரைக்கு வலை காயட்டும். பன்னிரண்டு நாற்பதுக்கு சல்சாவில் உப்பும் எலுமிச்சையும். பன்னிரண்டு நாற்பத்தைந்துக்கு மீன் வலைக்கு. பச்சை மீன் வைத்திருந்த தட்டில் சுட்ட மீனை எடுத்து வைக்காதீர்கள். அவசரத்தில் கை அந்தத் தட்டுக்குத்தான் போகும், அதனால் மீன் வலைக்குப் போனதுமே அதைக் கழுவும் தொட்டியில் போட்டுவிடுங்கள். ஊறவைத்த கலவை மிச்சம் இருந்தால் கொதிக்கவிடாமல் மேலே ஊற்றக் கூடாது.

சல்சாவை மீன்மேல் முழுவதும் மூடிவிடாமல், துளையுள்ள கரண்டியால் அள்ளிப் பாதி மேலும் பாதி பக்கத்திலுமாக வையுங்கள். முறுகிய தோல் சல்சாச் சாறு பட்டால் இரண்டே நிமிடத்தில் ஊறிவிடும். தோல் பக்கம் மேலே இருந்தால் சல்சா முழுதும் பக்கத்தில்தான். மிஞ்சிய மீன் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும், வெளியே 32 டிகிரிக்கு மேல் கொதிக்கும் நாளில் ஒரு மணி நேரத்துக்குள். மறுநாள் அதைச் சூடாக்க வேண்டாம். உதிர்த்து, வடிகட்டிய சல்சாவோடு குளிராகவே சாப்பிடலாம்.